எட்டுக்கு இரண்டு குறைவு

ரீச்சரைப் பற்றி எழுதுவது ரீச்சருக்குப் பிடிக்காது. தொண்ணூற்றைந்தில் சண்டையால் யாழ்ப்பாணத்து ஊரெல்லாம் இடம்பெயர்ந்தபோது எந்தப் பக்கம் போனாரோ, அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. எங்காவது இருந்து இதைப் படித்தால், கிழித்துப் போடுங்கோ என்றுதான் சொல்லுவார். எழுத்தின் மேல் இத்தனை சந்தேகம் உள்ள ஒருவர் எப்படி ஆசிரியரானார் என்பது எனக்கு விளங்காத முதல் விஷயம். கரும்பலகையில் எழுதுவார், உடனே அழித்தும்விடுவார். கடதாசியில் எழுதச் சொன்னால்தான் முகம் மாறும்.

"பிள்ளை நாளைக்கு மாறும் அண்ணை. கடதாசி மாறாது" என்பார்.

இதை யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். கல்வித் திணைக்களக் கந்தோரில் இலிகிதராக இருந்து, முப்பது வருடம் கடதாசியால் வயிறு வளர்த்தவன் நான்.

கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்புறம், கிணற்றடிக்குப் பக்கத்தில் ரீச்சரின் அறை இருந்தது. எங்கள் கோப்புகளில் அதற்கு விசேட கல்வி அலகு என்று பெரிய பெயர். காது கேளாத பிள்ளைகள், பேச்சு வராத பிள்ளைகள், வயதுக்கேற்ற விளக்கம் வராத பிள்ளைகள் என்று எட்டுப் பேர் அங்கே படித்தார்கள். ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒருவர் நம்முடைய ரீச்சர். மற்றவர் வட்டுக்கோட்டையிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து வரும் ஓர் இளம் பெண். அவரைச் சின்ன ரீச்சர் என்போம். அந்த எட்டுப் பிள்ளைகளில் ஒன்று என் இளைய மகள். அவளுக்குக் காது கேளாது.

இதைக் கந்தோரில் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. சின்னவள் தாய்மாமன் வீட்டில் நின்று படிக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தேன். மூத்தவள் கலியாண வயதில் வீட்டில் இருந்தாள். தங்கைக்குக் காது கேளாது என்றால் அக்காவின் சாதகத்தை யார் கையில் வாங்குவார்கள்? ஊர் அப்படி. ஊரைவிட நான் இன்னும் கொஞ்சம் கூடப் பயந்தவன். அதனால்தான் எங்களைத் தெரியாத ஊராகப் பார்த்து, இரண்டு ஊர் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

சேர்க்கப் போன அன்று ரீச்சரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ரீச்சர், பிள்ளையின்ரை பேர் உந்த அலகுக் கணக்கிலை ஒரு இடத்திலையும் வரக்கூடாது."

"வராது."

"ஒருத்தருக்கும் சொல்லவும் கூடாது."

"சொல்லமாட்டன்."

ஏன் என்று கேட்கவில்லை. மற்றப் பிள்ளைகளைப் போல மூன்றாம் வகுப்பு இடாப்பில் என் மகளின் பெயரைப் பதிவித்தார். அலகுக்கென்று தனி இடாப்பு கிடையாது. கடதாசியில் பார்த்தால் அந்த அறையில் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. "காலமை எட்டேகாலுக்குக் கூட்டிவாங்கோ. முன்கேற்றாலை வேண்டாம், கிணத்தடிப் படலையாலை வாங்கோ" என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

அந்த எட்டேகாலின் சூட்சுமம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நேரமும் ஒரு வழியும் வைத்திருந்தார். ஒருவருக்கு முன்கேற்று, ஒருவருக்குக் கோயில் ஒழுங்கை, ஒருவருக்குக் கிணற்றடிப் படலை. கூட்டிப்போவதும் அப்படியே. எட்டுப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரும் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை. நானும் மனைவியும் இரண்டு வருடத்தில் இன்னொரு பெற்றாரின் நிழலைக்கூடப் பார்க்கவில்லை. அப்போது அது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒருமுறை எங்கள் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி அலகைப் பார்வையிடப் போனார். ரீச்சர் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, எல்லாரையும் கலந்து இருத்தி, மண்ணில் உருவம் செய்ய விட்டிருந்தார். அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உதுகளிலை ஆர் ரீச்சர் குறைப்பிள்ளையள்?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்கள் படிச்சவர். பார்த்துச் சொல்லுங்கோ."

அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்து, வாயைத் திறந்தபடி தன்னையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெடியனைக் காட்டி, "உவன்" என்றார்.

"உவன் எங்கடை அதிபரின்ரை மகன்" என்றார் ரீச்சர்.

கந்தோரில் ஒரு கிழமை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் மண் குழைத்துக்கொண்டு என் மகளும் இருந்திருப்பாள் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொரு நாள் கோயில் தேருக்குப் போயிருந்தோம். சனக்கூட்டத்தில் சின்னவள் ரீச்சரைக் கண்டுவிட்டாள். ஓடிப்போய்ச் சேலையைப் பிடித்து இழுத்தாள். ரீச்சர் குனிந்து, முன்பின் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வீடு வரும்வரை பிள்ளை அழுதாள். ரீச்சர் என்ன படிப்பிக்கிறார் என்று அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். தூக்கிக் கொஞ்சியிருந்தால் எல்லாருக்கும் விஷயம் விளங்கியிருக்கும். எனக்குக் கொடுத்த வாக்கைத்தான் காப்பாற்றினார். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. மறுநாள் எட்டேகாலுக்கு அதே பிள்ளையை அள்ளித் தூக்கினார் என்று மனைவி வந்து சொன்னாள். நன்றி சொல்வதா, சண்டை பிடிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் விட்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து அந்தச் சுற்றுநிருபம் வந்தது. தொண்ணூறுக்குப் பிந்திய காலம். சண்டைக்கு நடுவிலும் அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் அனுப்பிக்கொண்டிருந்தது. குண்டு போட விமானம் அனுப்பியதும் அதே அரசாங்கம். இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மாதக் கடைசியில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கினோம். விசேட கல்வி படிப்பிக்கும் ஆசிரியர்கள் வேறு வகுப்புகளுக்கு ஓடிவிடுகிறார்களாம். அவர்களைப் பிடித்துவைக்க அரச நிதியிலிருந்து சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கப்போகிறார்களாம். இதுதான் சுற்றுநிருபத்தின் சாரம். நல்ல விஷயம். ஆனால் அலகில் ஆகக் குறைந்தது எட்டுப் பிள்ளைகள் இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயர், என்ன குறை, பெற்றாரின் கையொப்பம். எட்டில் ஒன்று குறைந்தாலும் கிடையாது.

ரீச்சர் தன் சம்பளத்தைப் பற்றி எப்போதும் கதைத்ததில்லை. அவருக்குத் தேவை சின்ன ரீச்சர். அந்தப் பெண்ணுக்கு வட்டுக்கோட்டையில் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் இருந்தது. அதே சம்பளம், சைக்கிள் மிதிக்கத் தேவையில்லை. சம்பளம் கூடினால் நிற்பேன், இல்லாவிட்டால் வருடக் கடைசியில் மாற்றம் கேட்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நியாயம்தான். ஒரே ஆசிரியரோடு அலகை நடத்த விடமாட்டோம், மூடிவிடுவோம் என்று எங்கள் கந்தோரும் சொல்லிவிட்டது. அந்தக் கடிதத்தை அச்சடித்தவனும் நான்தான்.

சின்ன ரீச்சர் போனால் என்ன போகும் என்று எனக்குத் தெரியும். மகளின் காதுக் கருவி அலுமாரிக்குள் கிடந்தது. பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடை. சின்ன ரீச்சர் கருவியை நம்பியிருக்கவில்லை. பிள்ளையின் உள்ளங்கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு கதைப்பார். பிறகு அதே கையைப் பிள்ளையின் தொண்டையில் வைப்பார். எட்டு வருடம் சத்தம் மட்டும் போட்ட என் பிள்ளை அப்படித்தான் "அம்மா" என்று சொன்னாள். என் மனைவி அடுப்பில் இருந்ததைக் கருகவிட்டு அழுதாள்.

ரீச்சர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அண்ணை, ஒருக்காத்தான் கேட்பன். பேரைப் போடவோ?"

அப்போது மூத்தவளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை, கந்தோரில் என் பக்கத்து மேசைக் கணக்கு இலிகிதரின் அக்கா மகன். அவர் மானிப்பாய்க்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் படிவம் என் மேசையிலிருந்து நேரே அவருடைய மேசைக்குத்தான் போகும்.

"மற்ற ஏழு பேரும் போட்டால் காணாதோ ரீச்சர்?"

"காணாது. எட்டு வேணும்."

"என்னாலை ஏலாது ரீச்சர். மூத்தவளின்ரை விஷயம் சரிவரப் போகுது."

"சரி."

அவ்வளவுதான். அவர் மறுத்துக் கதைப்பார், அப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. எல்லாவற்றையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இதற்குள் ரீச்சர் பட்டியல் எடுக்கிறார் என்ற கதை ஊருக்குள் பரவிவிட்டது. அந்தக் காலத்தில் பட்டியல் என்றால் நிவாரணம். மாவோ சீனியோ மண்ணெண்ணெயோ, எதுவென்று தெரியாது. பெயரைக் கொடுத்துவைப்பது புத்தி. அடுத்த நாள் காலையில் கிணற்றடிப் படலையில் முப்பது நாற்பது பேர் வரிசை. எல்லாருடைய கையிலும் ஒரு நல்ல பிள்ளை. உள்ளே படித்த எட்டுப் பேரின் பெற்றார் பெயர் கொடுக்க அஞ்சியபோது, வெளியே ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளுக்குக் குறை சொல்லிக்கொண்டு ஊர் நின்றது. நான் அன்று வேலை விஷயமாக அங்கே போயிருந்தேன். என் கண்ணால் கண்டது.

"இவனுக்குச் சொட்டும் கேளாது ரீச்சர். இடி விழுந்தாலும் கேளாது" என்றாள் ஒரு தாய். பெடியன் வாய் திறக்காமலிருக்க, அவன் கையைப் பின்னால் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ரீச்சர் சாதாரணக் குரலில், "தம்பி, உனக்குப் பின்னாலை ஒரு மாம்பழம் கிடக்கு" என்றார்.

பெடியன் திரும்பிப் பார்த்தான். தாய் முதலில் அவன் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். வரிசை முழுவதும் சிரித்தது. ரீச்சரும் சிரித்தார். மா இல்லை, சீனி இல்லை என்று சொல்லி எல்லாரையும் அனுப்பிவைத்தார்.

சனம் போன பிறகு நான் மெல்லக் கிட்டப் போய்ச் சொன்னேன். "ரீச்சர், உதுகளிலை குறையிற ஆக்களைப் போட்டு நிரப்பிவிடுங்கோவன். கொழும்பிலை இருக்கிறவனுக்கு ஆரைத் தெரியும்?"

"அந்தப் பெடியன் நாளைக்கு ஒரு உத்தியோகத்துக்குப் போகேக்கை, செவிடன் எண்டு உங்கடை கோப்பிலை கிடக்கும். ஆர் போய் அழிக்கிறது? நீங்களோ?"

இரண்டு கிழமையில் படிவம் என் மேசைக்கு வந்தது. ஆறு பெயர். கூலி வேலை செய்பவர், மீன் விற்கிறவர் என்று தொழில் விபரம் எழுதியிருந்தது. மூன்று கையெழுத்து, மூன்று பெருவிரல் அடையாளம். அடியில் இரண்டு வரி வெறுமையாக இருந்தது. ஒன்று என்னுடையது. மற்றவன் எவன் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் போட்டிருந்தாலும் ஏழுதான் ஆகியிருக்கும், ஆனாலும் ஆத்திரம் வந்தது.

எழுந்து அண்ணையின் மேசைக்குக் கொண்டுபோனேன்.

"எத்தினை பேர்?"

"ஆறு."

"எட்டெல்லோ வேணும்?"

"ஓம். ரெண்டு குறையுது."

அவர் படிவத்தை நெடுநேரம் பார்த்தார். பெயர்களைச் சரிபார்க்கிறார் என்று நினைத்தேன்.

"என்ன சனமடாப்பா" என்றார் கடைசியில். "ஒரு கையெழுத்துத்தானே. பிள்ளையைவிட மானம் பெரிசாய்ப் போச்சு."

"உதுகளுக்கெல்லாம் ஏன் அண்ணை பிள்ளை" என்றேன் நான். என் வாயால்தான் சொன்னேன்.

அவர் நிபந்தனை நிறைவேறவில்லை என்று எழுதினார். நான் முத்திரை குத்தினேன். பிறகு இருவரும் வெளியே போய்ப் பிளேன்ரீ குடித்தோம். அங்கேயும் அந்த இரண்டு பெற்றாரையும் திட்டினோம். அவர் என்னைவிட உரத்துத் திட்டினார்.

வருடக் கடைசியில் சின்ன ரீச்சர் வட்டுக்கோட்டைக்குப் போய்விட்டார். அலகை மூடினார்கள். ரீச்சரை இரண்டாம் வகுப்புக்கு விட்டார்கள். என் மகள் பல நாள் காலையில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து குந்தியிருந்தாள். எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது? இடைக்கிடை தன் கையைத் தானே தொண்டையில் வைத்துப் பார்ப்பாள். கொஞ்ச நாளில் "அம்மா" மங்கி, பழையபடி சத்தம் மட்டும்தான் வந்தது.

மூத்தவளின் கலியாணம் நல்லபடி நடந்தது. கலியாண வீட்டுக்குச் சின்னவளைக் கொண்டுபோகவில்லை. காய்ச்சல் என்று சொன்னோம். நாலாம் சடங்குக்கு மானிப்பாயில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது மனைவி பிடிவாதமாக நின்றாள். "இனி என்ன, தாலி ஏறிட்டுது. என்ரை பிள்ளையும் வரட்டும்" என்று புதுச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த வீட்டின் பின்விறாந்தையில் பத்து வயதுப் பெடியன் ஒருவன் தனியே இருந்து பலகாரம் தின்றுகொண்டிருந்தான். சின்னவள் நேரே அவனிடம் போனாள். பக்கத்தில் இருந்தாள். கேட்காமலே அவன் தட்டில் இருந்து ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்துக் கடித்தாள். அவன் தட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தான். பிறகு அவள் அவனுடைய கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, என்னவோ சொன்னாள். பெடியன் பெரிதாகச் சிரித்தான்.

அவர்களைப் பார்த்தபடி அண்ணை எனக்குப் பக்கத்தில் நின்றார். அது அவருடைய மகன். வடமராட்சியில் மாமியார் வீட்டில் நின்று படிக்கிறான் என்று கந்தோரில் சொல்லிவைத்திருந்த மகன்.

"ரீச்சரிட்டை எத்தினை மணிக்கு விடுறனியள்?" என்று கேட்டார்.

"எட்டேகால். கிணத்தடிப் படலை."

"நாங்கள் எட்டரை. கோயில் ஒழுங்கை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரீச்சர் வீட்டுக்குச் சைக்கிளில் போனோம். இரண்டு பேரையும் ஒன்றாகக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருக்கச் சொன்னார். அண்ணை இருக்கவில்லை.

"ஏன் ரீச்சர் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டு பேரும் சொல்லவேண்டாம் எண்டனியள்."

"தலையை ஒருக்கா ஆட்டியிருந்தாலே விளங்கியிருக்குமே! நாங்கள் பக்கத்துப் பக்கத்து மேசை ரீச்சர்!"

"ஆட்டியிருந்தால் என்ன செய்திருப்பியள்? ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருப்பியளோ, கலியாணத்தைக் குழப்பியிருப்பியளோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ரீச்சர் ஒரு சொல் சொல்லியிருந்தால் எட்டும் நிரம்பியிருக்கலாம், சின்ன ரீச்சர் நின்றிருக்கலாம், என் பிள்ளை இன்னும் நாலு சொல் கதைத்திருக்கலாம். சொல்லியிருந்தால் நான் அவரை மன்னித்திருக்கவும் மாட்டேன். அப்படி ஒருவரை எனக்குப் பிடிக்குமா, பிடிக்காதா? ரீச்சரை நினைக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கத்தவும் தோன்றுகிறது.

"இப்ப போடுறம் ரீச்சர். ரெண்டு பேரும் போடுறம்" என்றேன்.

"போடலாம். படிப்பிக்கிற ஆள் போயிட்டுது. அறைக்குள்ளை உடைஞ்ச கதிரை அடுக்கியிருக்கு." பிறகு எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். "எனக்கு ஒரு உதவி செய்வியளோ? ஆறு பேர் என்னை நம்பிப் பேர் குடுத்தவை. ஒண்டும் கிடைக்கேல்லை, பேர் மட்டும் உங்கடை கந்தோரிலை கிடக்கு. அந்தக் கடதாசியைத் தாங்கோ."

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தால் வேலை போகும். திங்கட்கிழமை மத்தியானம் அண்ணை கதவடியில் நின்று பார்த்துக்கொள்ள, நான் எடுத்தேன். எங்கள் சேவைக் காலத்தில் நாங்கள் செய்த ஒரே களவு அதுதான். பின்னேரம் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ரீச்சர் தாளை மேசையில் விரித்தார். அடிமட்டத்தை வைத்து அழுத்தி, ஒவ்வொரு பெயராக நேராகக் கிழித்து எடுத்தார். ஆறு கீலம். ஒவ்வொன்றையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். இருட்ட முன்னர் ஆறு வீட்டுக்கும் போய், அவரவர் பெயரை அவரவர் கையில் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்றார். சைக்கிளை எடுக்க எழுந்தவர், மேசையில் மிஞ்சிக் கிடந்த துண்டைக் கண்டார். எழுதாத இரண்டு வரி. அதை எங்கள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போனார்.

நாங்கள் இருவரும் அதை எடுக்கவில்லை.